நாலாவது செதில்

என் அப்பா ஒரே ஒரு சினிமாவில் நடித்திருக்கிறார். அதில் அவர் முகம் ஒரு நொடிகூடத் தெரியாது. வேற்றுக் கிரகத்திலிருந்து வந்து ஆட்களைக் கொல்லும் ஜந்து அவர்தான்.

இதை முப்பத்தேழு வருடமாக நான் வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொன்னதில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். ஸ்டியரிங்கைப் பிடித்த பயத்தில் ஆட்கள் மாமியார் கதை, காதல் கதை எல்லாவற்றையும் என்னிடம் கொட்டுவார்கள். "கண்ணாடியைப் பாருங்க, கதையெல்லாம் அப்புறம்" என்பேனே தவிர, பதிலுக்கு என் கதை எதையும் அவிழ்த்துவிட மாட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் என்னிடம்தான் வருகிறார்கள். என் காலடியில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் இருக்கிறது. இருபத்தாறு வருடத்தில் அதை மிதிக்க வேண்டிய நேரத்தில் நான் மிதிக்காமல் விட்டதே இல்லை.

அப்படிப்பட்ட என் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மகள் அந்த ஜந்துவை மார்பில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். கறுப்பு டி-ஷர்ட். அதில் வெள்ளைக் கோடுகளால் வரைந்த உருவம். தலை குனிந்திருக்கிறது. நகம் நீண்ட கை ஒன்று நெஞ்சின் மேல் இருக்கிறது.

"என்னடி இது கண்றாவி?"

"தெரியலையா? நம்ம தாத்தாம்மா!"

அவள் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். அந்தக் காலத்தில் ஒரு வாரம்கூட ஓடாத அந்தப் படத்தை இப்போதுள்ள பிள்ளைகள் எங்கிருந்தோ தோண்டி எடுத்துத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்களாம். ஒரு ஃபிலிம் கிளப் பழைய சுருளைத் தேடிப் பிடித்து, கீறல் எல்லாம் போக்கி, வரும் சனிக்கிழமை மதியம் ஒன்றரைக்குத் திரையிடுகிறதாம். ஜந்துவாக நடித்தவர் யார் என்றே தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார்களாம். இவள் போய் "எங்க தாத்தாதான்" என்று சொன்னதும் கிளப்பே தலைகீழாக நின்றதாம்.

"உன்னை யாருடி சொல்லச் சொன்னா?"

"ஏம்மா, வெக்கமா? கடைசி சீன்ல எல்லாரும் அழுவாங்க தெரியுமா? நீதான் படத்தையே பாக்கலியே."

"பாத்தேன். முக்காவாசி பாத்தேன். அதுவே ஜென்மத்துக்குப் போதும்."

இதெல்லாம் அப்பாவின் கட்டிலுக்கு முன்னால்தான் நடந்தது. அவருக்கு எண்பத்தொரு வயது. நுரையீரல் தழும்பேறி, இரண்டு வருடமாகப் படுக்கை. கட்டிலுக்குக் கீழே ஆக்சிஜன் மெஷின் ராப்பகலாக முனகிக்கொண்டிருக்கும். அதிலிருந்து வரும் குழாய் அவர் மூக்கில் இருக்கும். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தித்தான் பேசுவார். அவர் பேத்தியின் சட்டையை ஒரு தடவை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"குப்பைப் படம்மா அது" என்றார். "அதைப் போய்... யாரு பாப்பாங்க?"

"அப்படிச் சொல்லுங்கப்பா" என்றேன். இந்த ஒரு விஷயத்தில் அப்பாவும் நானும் எப்போதும் ஒரே கட்சி.

அப்பா கார்களுக்கு சீட் கவர் தைத்துக்கொண்டிருந்தவர். எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. ரெக்சின் வாசனையிலும் பசை வாசனையிலும்தான் நான் வளர்ந்தேன். எனக்குப் பதினாலு வயது நடந்தபோது ஒரு டைரக்டர் தன் பழைய காரைக் கொண்டுவந்து விட்டார். காத்திருந்த நேரத்தில் அப்பா ஃபோமை வெட்டி வளைப்பதைப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு ஜந்துவுக்கு உடம்பு தைக்க முடியுமா?" என்று கேட்டார். முடியாது என்ற சொல் அப்பாவுக்கு வாயில் வராது. வந்திருக்கலாம்.

ஒன்றரை மாதம் தைத்தார். வெளியே கறுப்பு ரெக்சின், உள்ளே ஃபோம், முதுகில் கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் பதினோரு செதில்கள். இதைப் போட்டுக்கொண்டு நடிக்க ஒரு சர்க்கஸ்காரரை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர் ஒரே ஒரு தடவை உள்ளே நுழைந்து பார்த்துவிட்டு, "இது உடுப்பு இல்ல, சவப்பெட்டி" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான், அப்புறம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. அளவு கொடுக்க ஆளில்லாமல் அப்பா தன் உடம்பையே அளந்து தைத்திருந்தார். அதனால் அவரே உள்ளே போக வேண்டியதாகிவிட்டது.

ஜிப் முதுகில் இருந்தது. அது கேமராவுக்குத் தெரியவே கூடாது என்று அப்பாவுக்கு ஒரு பிடிவாதம். தைத்த இடம் தெரியாமல் தைப்பதுதான் அவருடைய பெருமை. நாலாவது செதிலைத் தூக்க வேண்டும், அதன் அடியில் இருக்கும் கொக்கியைக் கழற்ற வேண்டும், ஜிப்பை ஒரு விரல்கடை மேலே இழுத்துவிட்டு அப்புறம்தான் கீழே இறக்க வேண்டும். எடுத்தவுடன் கீழே இழுத்தால் ஃபோமில் மாட்டிக்கொள்ளும். இந்தச் சூட்சுமம் அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

உள்ளே இருக்கிறவரால் தானாகத் திறந்துகொள்ள முடியாது. கத்தினாலும் வெளியே கேட்காது. ஜந்துவின் வாயில் வைத்த வலை வழியாக நேர் எதிரே மட்டும் கொஞ்சம் பார்க்கலாம். அதனால் அப்பா ஒரு சைகை வைத்தார். நெஞ்சில் மூன்று தட்டு. தட்டினால் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். நான் ஓடிப்போய்த் திறக்க வேண்டும்.

"கேமரா ஓடிக்கிட்டிருந்தா?"

"ஓடட்டும்."

"டைரக்டர் கத்தினா?"

"கத்தட்டும். உள்ள இருக்கறது உங்கப்பன்."

பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தார்கள். பதினெட்டு நாள் அவரோடு ஷூட்டிங்குக்குப் போனேன். ஷூட்டிங் என்றால் ஒரு பழைய கிடங்கு, தகரக் கூரை, உள்ளே அடுப்பு மாதிரி எரியும் விளக்குகள். விண்கலத்தின் சுவர் முழுக்க முட்டை அட்டை. அதற்கு வெள்ளிப் பூச்சு அடித்ததில் பாதி நான். கேமராவுக்குப் பக்கத்தில், அப்பாவுக்கு இடது கைப்பக்கமாக, விளக்குக் கம்பத்தின் அடியில் ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதுதான் என் இடம் என்று அப்பா காட்டிவிட்டார். எல்லோரும் என்னை "ஜிப்பு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நாளைக்கு ஐந்தாறு தடவை ஓடுவேன். திறந்தால் கொதிக்கிற பாத்திரத்தின் மூடியைத் தூக்கியதுபோல ஆவி வரும். உள்ளே அப்பா தொப்பலாக நனைந்து, சிரித்துக்கொண்டு இருப்பார்.

கடைசி நாள். ஜந்து சாகிற காட்சி. எல்லாம் தயாராகி, அப்பாவை உள்ளே விட்டு நான் ஜிப்பைப் போட்டு முடித்ததும், உதவி டைரக்டர் ஒருவன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஏய் ஜிப்பு, ஜந்துவோட மகதானே நீ, உன்னையும் முட்டையிலேர்ந்துதான் எடுத்தாங்களா?" என்றான். கிடங்கே சிரித்தது. எனக்கு அதுகூடப் பரவாயில்லை. ஜந்துவின் தோள் இரண்டும் குலுங்கின. என் அப்பாவும் சேர்ந்து சிரிக்கிறார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோடாப் பெட்டியை ஓங்கி ஒரு உதை விட்டேன். அது பக்கவாட்டில் உருண்டு விழுந்தது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே வந்து பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டேன்.

அப்பா இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார். கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. நான் பயந்துபோய்க் கதவுக்குப் பின்னால் நின்றேன். "இங்க வா" என்றார். "அன்னிக்கு நீ வந்தது நல்லதாப் போச்சு. விடிய விடிய இழுத்துட்டாங்க. வேற ஆள் திறந்துவிட்டான்." அம்மா அடுக்களையிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் நம்பிவிட்டேன்.

படம் வந்தது. குடும்பத்தோடு போனோம். ஜந்து முதல் தடவை நடந்து வந்தபோதே எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கால் விரல்களை இரண்டு பக்கமும் விரித்து வைத்து நடக்கும் அப்பாவின் நடை. பின்வரிசையில் என் வகுப்புப் பிள்ளைகள் வேறு "வாத்து, வாத்து" என்று கத்தினார்கள். "எனக்குப் பிடிக்கலப்பா" என்று முனகிக்கொண்டே இருந்தேன். கடைசிக் காட்சி ஆரம்பிக்கும் முன் அப்பாவே என் கையைப் பிடித்து எழுப்பினார். "பிடிக்கலேன்னா எதுக்கு உக்காரணும்? வா, போலாம்." வெளியே கூட்டிவந்து ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். தன் படத்தைப் பாதியில் விட்டுவிட்டு மகளுக்காக வெளியே வருகிற அப்பா யாருக்குக் கிடைப்பார் என்று நான் அன்றைக்குப் பெருமைப்பட்டேன்.

ஆறேழு வருடம் கழித்து, யாரோ அந்தப் படத்தின் வீடியோ கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் வீட்டுக்கு வருவதற்குள் மெஷின் அதைக் கடித்துக் குதறிவிட்டது என்று அப்பா சொன்னார். தரையெல்லாம் நாடா. அவர் கையில் கத்தரிக்கோல். "விட்டது சனியன்" என்று சொல்லி நானே கூட்டி அள்ளினேன்.

அதற்கப்புறம் அந்தப் படத்தை நான் நினைத்ததேயில்லை. யாராவது கேட்டால் திட்டுவேன். அப்பாவும் கூடச் சேர்ந்து திட்டுவார்.

இப்போது கிளப்பிலிருந்து ஒரு பையன் ஃபோன் செய்தான். குரலிலேயே குனிந்து நின்றான். "ஐயாவால வர முடியாதுன்னு தெரியும் மேடம். நீங்களாவது வந்து அவருக்கான பரிசை வாங்கிக்கணும்." அப்பாவுக்கு வாழ்க்கையில் யாரும் எதற்கும் பரிசு கொடுத்ததில்லை. என் கோபம் கொஞ்சம் இறங்கியது. போகிறேன் என்று சொன்னேன்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "எதுக்கும்மா வேலையைக் கெடுத்துக்கிட்டு? பாப்பாவை அனுப்பு."

"அவ உங்களைப் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாப்பா. ஏற்கெனவே கம்ப்யூட்டர்ல பத்துத் தடவை பாத்துட்டாளாம்."

அவர் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "சரி. மூணு மணிக்குள்ள வந்துடு. மூணு மணி மாத்திரை... நீ குடுத்தாத்தான் எனக்கு இறங்கும்."

"என்னப்பா சின்னப் புள்ள மாதிரி!"

"மூணு மணி" என்றார் மறுபடி. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

சின்ன அரங்கு. எழுபது எண்பது பேர் இருப்பார்கள். எல்லாம் இளசுகள். பாதிப் பேர் மார்பில் என் அப்பா. மூணு மணிக்குள் வீடு திரும்பத் தோதாக நான் கடைசி வரிசையில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

முதல் பத்து நிமிடம் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் முட்டை அட்டைகள் அவ்வளவு பளிச்சென்று தெரிந்தன. அப்புறம் எப்போது சிரிப்பு நின்றது என்று தெரியவில்லை. படம் நன்றாக இருந்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, படம் நன்றாகவே இருந்தது. ஜந்து கொல்வதற்காக விண்கலத்துக்குள் வரவில்லை. அதன் கிரகத்தில் எல்லாம் உறைந்துவிட்டது. குளிருக்குப் பயந்து உள்ளே வருகிறது. அதைப் பார்த்தவர்கள் சுடுகிறார்கள், அப்புறம் அது கொல்கிறது. விண்கலத்தின் டாக்டர் தூங்கும்போது கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தக் கை வெளியே வந்தபோது, ஐம்பத்தொரு வயதுக்காரி நான் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டேன். விரல் விரித்த அந்த நடைக்கு யாரும் சிரிக்கவில்லை. உறைந்த தரையில் அப்படித்தான் நடக்க முடியும் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

நடுவில் ஒரு காட்சி. கீழ்த்தள அறைக்கு ஒரு கண்ணாடிக் கதவு. ஜந்து அதைக் கடந்து போகிறது. கீறல் நீக்கிய புதுப் பிரதி என்பதால் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. கண்ணாடியில் விளக்குக் கம்பம் பிரதிபலித்தது. அதன் கீழே சோடாப் பெட்டியில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் கண் நிறைந்தது. அந்தப் பெண் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் தன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூணு மணிக்கு அரைமணி நேரம் இருக்கும்போது பையை எடுத்தேன். மகளிடமிருந்து செய்தி வந்திருந்தது. தாத்தா தூங்கிட்டார், மாத்திரை நானே குடுத்துக்கறேன், நீ இருந்து பரிசை வாங்கிட்டு வா. பையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டேன்.

கடைசிக் காட்சி வந்தது. உயிரோடு மிஞ்சிய ஒரே பெண் ஜந்துவைக் கீழ்த்தள அறைக்குள் விட்டுக் கதவைப் பூட்டுகிறாள். ஒரு நெம்புகோலை இறக்கி அந்த அறையின் காற்றை வெளியேற்றுகிறாள். ஜந்து கதவைப் பிறாண்டுகிறது. கண்ணாடியில் அதே விளக்குக் கம்பம். அதன் கீழே சோடாப் பெட்டி, நான் உதைத்த மாதிரியே பக்கவாட்டில் கிடந்தது.

ஜந்து பிறாண்டுவதை நிறுத்தியது. கையைத் தூக்கி நெஞ்சில் வைத்தது. தட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு தலையை இடது பக்கம் திருப்பியது.

வயலின் வாசித்தார்கள். பக்கத்தில் இருந்த பெண் மூக்கை உறிஞ்சினாள்.

ஜந்து காத்திருந்தது. அவசரப்படவில்லை. மகள் ஓடி வந்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்துப் பொறுமையாகக் காத்திருந்தது. மறுபடி மூன்று தட்டு. மறுபடி இடது பக்கம். அந்த வலை வழியாக அவருக்குப் பெட்டி தெரிந்திருக்காது, அவ்வளவு தூரம் தலை திரும்பாது. நான் அங்கே இருக்கிறேன் என்றே நினைத்திருக்கிறார். டைரக்டர் கேமராவை இன்னும் பக்கத்தில் கொண்டுபோகிறார். மூன்று தட்டு. மூன்று தட்டு. முழங்கால் மடங்கியது. நான் எண்ணினேன், எட்டுத் தடவை மூன்று மூன்றாகத் தட்டினார்.

"ஜிப்பைத் திறங்கடா!"

அது என் குரல்தான். எப்போது எழுந்து நின்றேன் என்று தெரியாது. "நாலாவது செதில்! அதைத் தூக்குங்கடா! மேல இழுத்துட்டுக் கீழ இழுங்க, பாவிங்களா, உள்ள ஆள் இருக்கு!"

அரங்கே திரும்பிப் பார்த்தது. திரையில் ஜந்து விழுந்தது. கை இன்னும் ஒரு தடவை தரையில் தட்டிவிட்டு அடங்கியது. படம் முடிந்து இருட்டாகி, யாரோ ஒருவர் தயங்கித் தயங்கிக் கைதட்ட, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

நான் மேடைக்குப் போகவில்லை. அந்தப் பையன்தான் பரிசைத் தூக்கிக்கொண்டு கார் நிறுத்தும் இடம் வரை ஓடி வந்தான். கண்ணாடி போட்ட நல்ல முகம். "மேடம், அந்தக் கடைசி நடிப்பு... நானும் ஒரு உயிர்தான்னு அது கெஞ்சுது இல்ல? அதை டைரக்டர் சொல்லிக் குடுத்தாரா, இல்ல ஐயாவே யோசிச்சாரா?"

"அது நடிப்பு இல்லப்பா" என்றேன். அவன் பரிசை என் கையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தான்.

காரில் ஏறி உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன். பழக்க தோஷத்தில் பக்கத்து இருக்கையில் ஏறியிருக்கிறேன். முன்னால் ஸ்டியரிங் இல்லை. கால் மட்டும் என் பிரேக்கை முழுசாக மிதித்துக்கொண்டிருந்தது.

அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். வேறு ஆள் யாரும் திறக்கவில்லை; அவர் விழுந்த பிறகு உடுப்பைக் கிழித்து எடுத்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்கள். ஐஸ்கிரீம் எனக்குப் படம் பிடிக்காததால் வாங்கித் தந்ததில்லை. கேசட்டை மெஷின் கடிக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் நுரையீரல் டாக்டர், "முன்ன எப்பவாவது மூச்சு நின்னு ஆஸ்பத்திரியில இருந்திருக்கீங்களா?" என்று கேட்டபோது, அப்பா ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "இல்ல டாக்டர், எல்லாம் இந்தப் பசை நாத்தம்தான்" என்றார். ஒன்றரைக்குப் படம் போட்டால் மூணு மணிக்கு ஜந்து கீழ்த்தளத்துக்குள் வந்திருக்காது. படுக்கையில் இருந்துகொண்டு அதைக்கூடக் கணக்குப் போட்டிருக்கிறார். ஒரு படத்தை நான் வெறுக்க வேண்டும் என்பதற்காக முப்பத்தேழு வருடம் பக்கத்திலிருந்து பாடுபட்டிருக்கிறார். அம்மாவும் வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்தாள்.

வீட்டுக்குப் போனதும் அவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் சத்தம் போட்டு அழுதேன். சிக்னலில் பக்கத்துக் காரிலிருந்து ஒருவர் ஜன்னலை இறக்கி, "டீச்சரம்மா, என்னாச்சு?" என்று கேட்டார். என்னிடம் கற்றுக்கொண்டவராக இருக்கும். "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றேன்.

நாலேகாலுக்கு உள்ளே நுழைந்தேன். மகள் ஆவலோடு ஓடி வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். அப்பா தலையணையில் சாய்ந்து, வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"லேட்டாயிடுச்சே" என்றார். "முழுசா... பாத்தியா?"

அவர் முகத்தில் இருந்தது பயம். மூச்சு வாங்கும்போதுகூட அவர் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. அவ்வளவு வருடம் பொத்திப் பொத்திக் காப்பாற்றியது உடைந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியில் சேர்த்து வைத்த வார்த்தைகளை அப்படியே விட்டுவிட்டேன்.

"யாரு பாப்பாங்க அந்தக் குப்பையை?" என்றேன். "பாதியிலயே எந்திரிச்சு வந்துட்டேன். பரிசு வாங்கறதுக்காக வெளிய சுத்திக்கிட்டிருந்தேன்."

"கண்ணு செவந்திருக்கு."

"ரோட்டுல ஒரே தூசிப்பா."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "ஐஸ்கிரீம் சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"நல்லது" என்றார். பரிசை வாங்கி மடியில் வைத்து, அதன் விளிம்பைத் தையலைத் தடவுகிற மாதிரி விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் என்னவோ கேட்க வாயெடுத்தாள். நான் அவளைப் பார்த்த பார்வையில் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் மூக்குக் குழாயின் பட்டையை மாற்றுவதற்காக அவர் தலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அந்த ஜிப்பை... வெளியில தெரியற மாதிரியே தைச்சிருக்கணும்மா. யார் வேணா திறக்கற மாதிரி. எல்லாம் என் கொழுப்பு."

என் விரல்கள் பட்டையிலேயே நின்றுவிட்டன. "நான் போயிருக்கக் கூடாதுப்பா" என்றேன். "உங்களை உள்ள வச்சுப் பூட்டிட்டு நான் போயிருக்கவே கூடாது."

"பதினாலு வயசு" என்றார். மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "நானும் சிரிச்சிருக்கக் கூடாது."

அவர் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அவர் கையைப் பின்னால் நீட்டி என் முழங்கையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

பத்தொன்பது நாள் இருந்தார். வகுப்புகளை எல்லாம் நிறுத்திவிட்டு, அவருடைய கட்டிலுக்கு இடது பக்கம் ஒரு முக்காலி போட்டு நான் உட்கார்ந்துவிட்டேன். இருபதாவது நாள், காலை பதினோரு மணி இருக்கும். மகள் துணி காயப்போடப் போயிருந்தாள். அப்பா தூக்கத்திலிருந்து விழித்தார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கை மெதுவாக எழுந்து நெஞ்சுக்குப் போனது.

முதல் தட்டிலேயே நான் எழுந்துவிட்டேன். மெஷினை முழு அளவுக்குத் திருகினேன். முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்துத் தூக்கி உட்காரவைத்தேன். இரண்டாவது தட்டு என் தோளில் விழுந்தது. என் விரல்கள் அவர் சட்டைக்கு மேலே கழுத்திலிருந்து ஒவ்வொரு எலும்பாக இறங்கி, நாலாவதைத் தேடிக்கொண்டிருந்தன. அங்கே திறப்பதற்கு ஒன்றும் இல்லை.

அவர் தலையை இடது பக்கம் திருப்பினார். நான் அங்கேதான் இருந்தேன்.